அடுப்பில் நிற்காத சிவப்பு

மானுட குலம் கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய ஓர் உண்மையை முதலில் அறிவித்துவிடுகிறேன்: பீட்ரூட் சாற்றின் சிவப்பு அடுப்பில் நிற்காது. மாவில் ஊற்றும்போது கண்ணைப் பறிக்கும். அரை மணி கழித்து வெளியே எடுத்தால் பழுப்பேறிய ஈரச் செங்கல். எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, எல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

என் மனைவி வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். செடி கொடியிலிருந்து எடுத்த நிறத்தைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்பது அவள் கொள்கை. கொள்கை உள்ளவர்கள் கட்சி தொடங்குவார்கள்; இவள் கேக்கோடு நிறுத்திக்கொண்டாள். பீட்ரூட் ஊற்றிய முதல் நான்கு கேக்கும் பழுப்பாக வந்தன. சூட்டைக் குறைத்துப் பார்த்தாள், எலுமிச்சை பிழிந்து பார்த்தாள். ஐந்தாவதற்கு எலுமிச்சையை இரட்டிப்பாக்கி மாவைக் கலக்கிவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகிறவளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. கடைக்குப் போய்ச் சிவப்புச் சாயப் புட்டி ஒன்றை வாங்கிவந்து, அவள் முகம் கழுவப் போன நேரத்தில் ஆறு சொட்டு விட்டேன்.

கேக் சிவப்பாக வந்தது. எலுமிச்சைதான் காரணம் என்று அவள் முடிவு கட்டினாள். அதோடு விட்டாளா, வகுப்பு எடுக்க ஆரம்பித்தாள். நாற்பது பெண்கள் எலுமிச்சை பிழிந்து பிழிந்து பழுப்புக் கேக் செய்தார்கள். மனதை ஒருமுகப்படுத்தி மாவைக் கலக்க வேண்டும் என்று அவர்களுக்கு உபதேசம் நடந்தது. அதன் பிறகு நான் எப்படி வாயைத் திறப்பது? அவள் செய்த ஒவ்வொரு சிவப்புக் கேக்கிலும் ஆறு சொட்டு விட்டுக்கொண்டே இருந்தேன்.

மாடி வீட்டு டீச்சரின் மகளுக்கு ஆறு வயது. சுண்டு என்று கூப்பிடுவோம். புட்டிச் சாயம் அவளுக்கு ஆகாது. ஒருமுறை மிட்டாய் சாப்பிட்டு உதடும் கண்ணும் வீங்கிப்போனதை டீச்சர் என்னிடமே சொல்லியிருக்கிறாள். "உங்க வீட்டுக் கேக்னா பயமில்லாம குடுக்கலாம் அண்ணா" என்று பிறந்தநாளுக்கு வந்து கேட்டாள். ஆறு சொட்டைக் குழந்தைக்காக மூன்றாகக் குறைத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றைக்குச் சுண்டுவுக்கு மூச்சுத் திணறியது. கேக்கில் என்னென்ன போட்டீர்கள் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

"பீட்ரூட்தான் டாக்டர். வேற ஒரு சொட்டு கிடையாது" என்றாள் மனைவி.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன். நாற்பது பேருக்குப் பாடம் சொல்பவளை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துக் கைவிட முடியுமா? ஊசி போட்டார்கள், சுண்டு பிழைத்துக்கொண்டாள். பீட்ரூட் கூடாது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். ஓர் அப்பாவிக் காயின் மேல் பழி விழுந்ததில் எனக்கும் வருத்தம்தான்.

அதன் பிறகு எனக்குப் பத்து நாள் அவகாசம் இருந்தது. சொல்லிவிடுவோம் என்று தினமும் மாடிப்படி ஏறுவேன். நான்காவது படியில் கால் நின்றுவிடும். காலை நான் என்ன செய்ய முடியும்?

பதினோராம் நாள், பாதியில் நின்ற பிறந்தநாளுக்கு ஈடாக மனைவி கீரைச் சாற்றில் பச்சைக் கேக்குக்கு மாவு கலக்கினாள். சுண்டு இறங்கி வந்து பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்.

"மாமா, இதைச் சாப்பிட்டா நாக்கு பச்சையாகுமா?"

"ஆகும்."

"ஆகாதுன்னு அத்தை சொன்னாங்களே."

"அத்தைக்கு என்ன தெரியும். நீ பாரு."

குழந்தையிடம் சொன்ன வார்த்தையை மீறக்கூடாது. கீரையின் பச்சையும் சூட்டில் மங்கிவிடும். என்னிடம் பச்சைப் புட்டி ஒன்று பிரிக்காமல் இருந்தது. சிவப்பு வேறு, பச்சை வேறு என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்ள முடிந்தது. நாக்கில் ஒட்ட வேண்டுமென்றால் மூன்று சொட்டு போதாது.

கேக் தின்று மூச்சுத் திணறிய சுண்டுவைத் தூக்கிக்கொண்டு ஓடியவனும் நான்தான். போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அதே டாக்டர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "இது கீரையா?" என்று மட்டும் கேட்டார்.

மனைவியை விட்டுவிடுங்கள் ஐயா, அவளுக்கு எதுவும் தெரியாது. சுண்டுவுக்குச் செய்த இரண்டு கேக்கிலும் சாயம் விட்டவன் நான். அவள் மனம் உடைவதைத் தாங்க முடியாமல் செய்தேன், எல்லாம் அவளுக்காகத்தான். பச்சைக் கேக் எப்படி வந்தாலும் சரி, மங்கலாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் அவள் அன்று குளிக்கப் போனாள்.