கோபுரத்தை முதலில் பார்ப்பவன்

சைக்கிள் ஓட்டுகிறவனுக்குப் பயிற்சியைவிட ஓய்வுதான் முக்கியம் சார். எங்கள் குழுவில் சேருகிற யாருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். பளு தூக்கினால் தசை கொஞ்சம் கிழியும். ஓய்வில்தான் அது கூடி வளரும். அதனால் காலுக்குப் பளு தூக்கினால் அடுத்த இரண்டு நாள் நெடுந்தூரம் ஓட்டக் கூடாது. ஜிம்மில் எல்லோரும் தலையாட்டிக் கேட்பார்கள்.

ஞாயிறுதோறும் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிதம்பரம் போவோம். எங்களுக்குள் ஒரு வழக்கம். முதலில் கோபுரத்தைப் பார்க்கிறவன் 'கோபுரம்' என்று குரல் கொடுப்பான். பின்னால் வருகிறவர்கள் ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்து உயர்த்த வேண்டும். சாமிக்கு ஒரு கும்பிடு என்பார்கள். அது முன்னால் போகிறவனுக்கு என்று எனக்குத் தெரியும். பல வருஷமாக அந்தக் குரல் என்னுடையதுதான்.

செம்பியன் என் மனைவி மாலதியின் தம்பி. தொப்பையோடு வந்தவனை நான்தான் பழக்கினேன். சொன்னபடியெல்லாம் கேட்டான், உடம்பு இறுகிவிட்டது. பங்குனியில் ஒரு ஞாயிறு, வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் நல்ல எதிர்க்காற்று. எனக்கு மூச்சு வாங்கியது. அவன் பக்கத்தில் வந்தான்.

"மாமா, நீங்க என் பின்னாடியே வந்துடுங்க. காத்த நான் தடுத்துக்கறேன்."

அதில் கேலி துளிகூட இல்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டே போனேன். அவன் 'கோபுரம்' என்றான். நானும் கையைத் தூக்கினேன். வயிறு எரிந்தது சார், மறைக்க என்ன இருக்கிறது.

அடுத்த வாரமே அவனுக்கென்று தனிப் பயிற்சி சொன்னேன். சனிக்கிழமை சாயந்திரம் தோளில் பளு வைத்து, கால் நடுங்கும்வரை உட்கார்ந்து எழ வேண்டும். ஞாயிறு விடிந்ததும் சிதம்பரம். நடுவில் ஓய்வு வேண்டாமா என்று கேட்டான். அதெல்லாம் சாதாரண ஆட்களுக்கு, நீ அடுத்த கட்டத்துக்கு வந்துவிட்டாய் என்றேன். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாராவாரம் பளுவை ஏற்றினேன். வலிக்கு மாத்திரையும் நானே கொடுத்தேன். சனிக்கிழமை படுக்கப்போகுமுன் பீட்ரூட் ஜூஸ் குடிக்கச் சொல்லியிருந்தேன். தம்பி மேல் எனக்கு எவ்வளவு அக்கறை என்று மாலதி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கடைசி ஞாயிறு கத்திரி வெயில். வெயில் ஜாஸ்தி, வர வேண்டாம் என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டேன். நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். புதுச்சத்திரம் தாண்டி ஒதுங்கப் போனவன் முகம் வெளுத்துத் திரும்பி வந்தான்.

"மாமா, காப்பி டிக்காஷன் மாதிரி போவுது. தொடையெல்லாம் மரக்கட்டையா கெடக்கு. திரும்பிடலாமா?"

அந்த நிறம் எனக்குத் தெரியும். தசை உடைந்து ரத்தத்தில் கலந்தால் அப்படிப் போகும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் சிறுநீரகம் நின்றுவிடும். அந்த நிறத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன். பீட்ரூட்டும் அதற்காகத்தான்.

"ஜூஸ் குடிச்ச இல்ல, அதான் மச்சான். இப்ப நிறுத்துனா பட்ட பாடெல்லாம் வீண். ஏறு."

ஏறினான். அவன் பாட்டில் காலி, என்னுடையது நிறைய இருந்தது. கேட்டான். குடித்தால் வயிறு கனக்கும் என்றேன். சரி மாமா என்றான்.

வெள்ளாற்றுப் பாலம் இறங்கியதும் சைக்கிளோடு சாய்ந்துவிட்டான். "நீங்க போங்க மாமா, நான் வந்துடறேன்" என்றான். நான் போனேன். கோபுரம் தெரிந்தது. குரல் கொடுத்தேன். கை தூக்க ஆள் இல்லை. கீழ வீதியில் ஒரு காப்பி குடித்துவிட்டுத்தான் திரும்பினேன். அதற்குள் யாரோ ஆட்டோவில் ஏற்றியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அவனுக்கு அப்போது நினைவு இருந்தது. "ஒண்ணுமில்ல டாக்டர், பீட்ரூட் ஜூஸ்தான். மாமா சொன்னாங்க" என்றான். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மாலதியும் பார்த்தாள். அந்த வாரமே அவன் போய்விட்டான். அவள்தான் உங்களிடம் வந்தாள் என்று தெரியும்.

ஆமாம் சார், நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். அன்றைக்கு நான் முந்தியது நேர்மையாகத்தான். வழியில் ஓரிடத்தில்கூட நான் அவன் பின்னால் ஒண்டிக்கொண்டு போகவில்லை.