வடிகஞ்சியின் சூடு

கோழிக்குப் பல் கிடையாது, சார். ஆகவே தீனி போடுகிறவர்கள்தான் யோசித்துப் போட வேண்டும். மாட்டாஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷம் கம்பவுண்டராக இருந்து நான் கற்றுக்கொண்டது அதுதான். நெரவியில் அந்தக் கிருமிப் பொடி ஏன் பலிக்கவில்லை என்று விசாரிக்க இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். உட்காருங்கள், சொல்கிறேன்.

எண்பத்தாறில் அல்பேர் டாக்டர் எங்களுக்கு வந்து சேர்ந்தார். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். பிள்ளைக்கு மீசைகூடச் சரியாக அரும்பவில்லை, ஆனால் படிப்பு கெட்டி. அவர் கொண்டுவந்த பொடியில் உயிருள்ள கிருமி இருந்தது. கெட்ட கிருமி இல்லை. கோழியின் குடலில் போய் உட்கார்ந்துகொண்டு, தவிட்டைச் செரிக்கவைக்கும் நொதியைச் சுரக்கும். சோளத்தைப் பாதியாகக் குறைத்தாலும் கோழி தேறும் என்றார். சோதித்துப் பார்க்க, நெரவியில் மாரிக்கண்ணு என்கிற நடவுக்காரியிடம் ஆடி மாதம் நூறு குஞ்சும் அதற்கான தீனியும் கொடுத்தார். அவளுக்குப் புருஷன் இல்லை. அல்லி என்று ஆறு வயதுப் பெண் மட்டும். மூன்று மாதத்தில் எடை ஏறினால் நூறு கோழியும் அவளுக்கே. அப்புறம் அவள் சேற்றில் இறங்க வேண்டியதில்லை.

வாராவாரம் பொடி டின்னைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, ஈரத்துணி சுற்றி, சைக்கிளில் கொண்டுபோவது என் வேலை. ஒரு நாள் வழியில் சாராயக்கடையில் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. டின் வெயிலில் கிடந்தது. மறுநாள் டாக்டர் போனபோது மாரிக்கண்ணு வெள்ளந்தியாக, டின் கையைச் சுட்டது என்று சொல்லிவிட்டாள். அவர் திரும்பி வந்து, மாடு பிடித்துக்கொண்டு நின்ற அத்தனை பேர் எதிரிலும் என்னைக் கேட்டார்.

"சூடு பட்டா கிருமி செத்துடும்னு எத்தனை தரம் சொல்றது? செத்ததைக் கொண்டுபோய்க் குடுத்திருக்கீங்களே."

அவமானமாக இருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் புது டின்னோடு போனேன். குஞ்சுகளுக்கு ஈரத்தீனி தொடங்க வேண்டிய வாரம் அது. நம் பக்கத்தில் சோறு வடித்த கஞ்சியை ஊற்றித்தானே தவிடு பிசைவார்கள். பச்சைத் தண்ணீரில்தான் பிசைய வேண்டும் என்று அவளிடம் சொல்லச் சொல்லியிருந்தார் டாக்டர். அவளே கேட்டாள்.

"கஞ்சி கொதிக்குதே, ஆறட்டுமாண்ணே?"

"சூடாவே ஊத்தும்மா. அப்பத்தான் பொடி கரையும்" என்றேன்.

நல்ல பெண். சொன்னதைச் சொன்னபடி செய்தாள், ஒரு வேளைகூடத் தவறவில்லை. கோழிகளுக்கு நெஞ்செலும்பு துருத்தியது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். டாக்டர் எடை போட்டுப் போட்டுக் குழம்பினார். அவள் தீனியை விற்கிறாள் என்று நான் சொல்லவே இல்லை. பக்கத்து வீட்டுக் கோழி நன்றாகக் கொழுத்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். மற்றதை அவரே நினைத்துக்கொண்டார்.

கோயிலடியில் பஞ்சாயத்து கூடியது. தீனியில் ஒரு பிடிகூட வெளியே போகவில்லை, சூடம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்றாள். சூடத்தை யார் வேண்டுமானாலும் அணைப்பார்கள், பிள்ளையைப் போட்டுத் தாண்டினால் நம்பலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அந்த ஒருவர் நான்தான். மாரியம்மன் வாசலில் அல்லியைக் கிடத்தி மூன்று தரம் தாண்டினாள். குழந்தை விளையாட்டென்று நினைத்துச் சிரித்துக்கொண்டு கிடந்தது. சத்தியம் பொய்யானால் பிள்ளை தங்காது என்பது ஊர் நம்பிக்கை.

ஒன்பதாம் நாள், ஐப்பசி மழையில், குழந்தைக்கு வாந்தியும் பேதியும் கண்டது. அது நான் செய்ததில்லை. அந்த வாரம் நெரவியில் நாலைந்து வீட்டில் இருந்தது. மற்ற பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், பிழைத்துக்கொண்டன. காலை பத்து மணிக்கு நான் கோழி எடை பார்க்கப் போயிருந்தேன். மாரிக்கண்ணு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, சைக்கிளில் காரைக்காலுக்குக் கொண்டுபோகச் சொன்னாள். மூன்று மைல்தான். அரை மணி நேரம்கூட ஆகாது.

"ஆஸ்பத்திரிக்கு ஓடுனா ஊரு என்னம்மா சொல்லும்? சத்தியத்துல உனக்கே நம்பிக்கை இல்லைன்னுதானே சொல்லும். நீ பொய் சொல்லலேன்னா ஆத்தா பாத்துக்குவா. பொறு."

அவள் பொய் சொல்லவில்லை. ஆகவே பொறுத்தாள். நானும் கூடவே உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்குக் குழந்தையின் கண் உள்ளே போய்விட்டது. நாலரைக்கு முடிந்துவிட்டது.

அப்புறம் நடந்ததை நானே எதிர்பார்க்கவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு யோசித்து யோசித்து, அவள் ஒரு தப்பைக் கண்டுபிடித்தாள். பக்கத்து வீட்டு நொண்டிக் கோழிக்குப் பாவம் பார்த்து ஒரு தரம் ஒரு பிடி தவிடு வைத்தாளாம்.

"எம்புள்ளய நானே முழுங்கிட்டேண்ணே" என்றாள். ஊரும் ஆமாம் என்றது. நான் மறுக்கவில்லை.

டாக்டர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கிருமி நம் ஊருக்கு ஆகாது என்று எழுதியிருக்கிறாராம். அது தவறு. பொடி நல்ல பொடி. சூடாக ஊற்றச் சொன்னது நான். பிள்ளையைத் தாண்டச் சொன்னது நான். பொறுக்கச் சொன்னதும் நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மாரிக்கண்ணுவிடம் மட்டும் சொல்ல வேண்டாம். வெள்ளிக்கிழமைதோறும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அழுவாள், தேற்றுவேன். இதைச் சொல்லி அவளைக் கஷ்டப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. பாவம், ஆறுதல் சொல்ல அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?