முட்டிக்கு மேலே

— பாவாடை முட்டிக்கு மேல நிக்குது பாரு. இதோட உள்ள விட்டா என் காவல் வேலை போயிடும், அமோய்ப் பொண்ணே. வாசல்ல படம் போட்டே எழுதியிருக்கு.

— நான் ஆசைப்பட்டுத் தைச்சதில்ல, பாக்சிக். ஹோட்டல்காரன் கொடுத்த உடுப்பு. ஒரு விரக்கடை நீளமா இருந்தா சம்பளத்துல பிடிப்பான்.

— அது தனியார். இது அரசாங்க ஆஸ்பத்திரி.

— அங்க கால் தெரியலன்னா குத்தம், இங்க தெரிஞ்சா குத்தம். காலை எங்க கழட்டி வைக்கிறது?

— பாக்சிக்னு வயசுக்கு மரியாதையா கூப்பிட்டுட்டு என்கிட்ட வாயாடி என்ன புண்ணியம்? நான் போட்ட விதியா? இரவல் கொடுக்கிற கைலி ரெண்டும் உள்ள போயிருக்கு. வரட்டும், கட்டிக்கிட்டுப் போ.

— அதுவரைக்கும் லின் தாங்கணுமே. லின்னு ஹோட்டல்ல வச்ச பேரு, என்கூட வேலை பார்க்கிறவ. குதிகால் செருப்போட கிளாஸ் தட்டைத் தூக்கிட்டுப் படியில இறங்கினா. சறுக்கி அதுமேலேயே விழுந்துட்டா. தொடை கிழிஞ்சு ரத்தம் நிக்கல. இப்பத்தானே ஆம்புலன்ஸ்ல வந்தா, நீங்க பார்க்கல?

— தள்ளிக்கிட்டுப் போனாங்க. பாவாடை ஏறிக் கிடந்துச்சு. பொம்பளப் புள்ளையை அப்படிப் பார்க்கக்கூடாதுன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

— அவளும் இதே உடுப்புதான். அவளை மட்டும் விட்டீங்க.

— படுத்துக்கிட்டு வர்றவங்களுக்கு விதி இல்ல. நடந்து வர்றவங்களுக்குத்தான்.

— நல்லா இருக்கு உங்க நியாயம்.

— கோவப்படாத. பையில என்ன? மாத்துத் துணியா?

— அவளோடது. தினமும் கணுக்கால் வரைக்கும் மூடுற பாஜு குரோங்கும் முக்காடுமா வருவா, எங்க கழிப்பறையில மாத்திப்பா. வீட்ல ஏதோ ஆபீஸ் வேலைன்னு சொல்லி வச்சிருக்கா. அடிபட்டுக் கிடந்தப்பவும் இந்த ஆஸ்பத்திரி மட்டும் வேணாம்னு ஒரே அழுகை. அவ பேச்சைக் கேட்டுத் தயங்கினதுல ரத்தம் ரொம்பப் போயிடுச்சு. செத்தாலும் அப்பா பார்க்கறதுக்குள்ள இதைப் போட்டு விட்டுடுன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

— அடப் பாவமே. உயிர் போற நேரத்துல அப்பனுக்குப் பயந்தாளா?

— வேற எதுக்கும் அவ பயப்படல.

— சரிம்மா, வேலை போனா போகட்டும். அதையே இடுப்புல சுத்திக்கிட்டு ஓடு. கொடு, பிரிச்சுத் தர்றேன்.

— இந்தாங்க... என்ன பாக்சிக், கையிலேயே வச்சுக்கிட்டு நிக்கிறீங்க? நேரமாகுது.

— கழுத்துத் தையல் என் பொண்டாட்டி கை. போன பெருநாளுக்கு வீட்ல எல்லாருக்கும் ஒரே தானுல நான் எடுத்த துணி இது.