விரிசல் பார்த்தவர்

மும்பை வடாலாவில் பன்வேல் லோக்கல் ரயில் ஏறினேன். பெண்கள் பெட்டியில் எதிரே இரண்டு பொறியியல் கல்லூரி ஆசிரியைகள். மூத்தவர் மடியில் பதவி உயர்வுப் படிவம் இருந்தது.

"இடிஞ்சு விழுந்த வீட்டையும் சமூக சேவைன்னு எழுதலாமா?" என்று அவர் கேட்டதும்தான் நான் காது கொடுத்தேன்.

"எந்த வீடு, மேடம்?"

"தாராவில ஒரு மாடி வீடு. ஸ்டூடன்ட்ஸோட போய் சுவத்துல விரிசலைப் பாத்தேன். மழைக்குத் தாங்காது, காலி பண்ணுங்கோன்னு எழுதியே குடுத்தேன்."

"பண்ணலையா?"

"எங்க போறதுன்னு அந்த வீட்டம்மா கேட்டா. ஜூலைல சுவர் விழுந்துது. அந்தம்மா அதுல செத்துப் போயிட்டா."

இளையவர் படிவத்தை எட்டிப் பார்த்தார். பிறகு, "உங்க ரிப்போர்ட் சரியாத்தானே இருந்தது? எழுதுங்க மேடம். கமிட்டி அதைத்தான் பாக்கும்," என்றார்.

"போன வாரம் அவ புருஷன் காலேஜுக்கு வந்தார். சண்டை போடத்தான் வந்திருக்கார்னு நெனச்சேன். 'கோவண்டில ரூம் எடுத்து பிள்ளைகளோட இருக்கேன். அந்தச் சுவரையும் ஒருக்கா வந்து பாருங்கம்மா'ன்னார்."

"போனீங்களா?"

"இப்போ அங்கதான் போறேன்."

செம்பூர் தாண்டியதும் படிவத்தைப் பைக்குள் வைத்து எழுந்தார்.

"பதினெட்டு வருஷமா பாடம் எடுக்கறேன். ஒரு சுவர் நன்னா இருக்கணும்னு வேண்டிண்டு போறது இதுதான் முதல் தடவை," என்றார்.

கோவண்டியில் கூட்டத்தோடு இறங்கிப் போனார்.