தலையசைப்பு

பிற்பகல் மூன்றரை மணிக்கு என் அறையில் நல்ல வெளிச்சம் இருக்கும். குழந்தைகளை அந்த நேரத்துக்குத்தான் வரச் சொல்வேன்.

நீங்கள் விசாரிக்கும் சிறுமிக்கு ஆறு வயது. அப்பாவும் அம்மாவும் பிரிந்தபின் வெளியாட்களிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டவள். யாரிடம் அவள் வளர்வது என்று நீதிமன்றம் முடிவு செய்யவேண்டியிருந்தது. அவள் மனதில் இருப்பதை அறிந்து சொல்லும்படி என்னிடம் அனுப்பினார்கள். குழந்தைகளுக்கான மனநல சிகிச்சை என் தொழில். அறையில் ஒரு பொம்மை வீடு உண்டு. அதில் அப்பா, அம்மா, பிள்ளை, கட்டில், அலமாரி. குழந்தை விளையாடும். நான் எதிரில் உட்கார்ந்து பார்ப்பேன். எதையும் கேட்கமாட்டேன். கேமரா எனக்குப் பின்னால் இருக்கிறது. அதில் குழந்தையின் முகமும் என் பின்னந்தலையும் தெரியும்.

முதல் நாள் அவளை அழைத்துவந்தது அப்பா. வாயாடி மனிதர்.

"பசங்க விளையாடறதப் பாக்கறதுதான் வேலையா மேடம்? இது தெரியாம நான் போயி லாரி ஓட்டிட்டு இருக்கேன்."

இதற்கெல்லாம் நான் கோபப்படுவதில்லை. அவர்கள் கிளம்பும்போது கதவுக் கண்ணாடி வழியே பார்த்தேன். மகள் முன்னால் குந்தி உட்கார்ந்து, மோவாயில் விரலை வைத்து, கண்ணைப் பாதி மூடி, மெதுவாகத் தலையசைத்துக் காட்டினார். அச்சு அசல் நான்தான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வரவேற்பில் இருந்த பெண்ணும் சிரித்தாள்.

அந்தத் தலையசைப்பை நான் கண்ணாடி முன் நின்று பழகியிருக்கிறேன். அது என் தொழிலில் பாதி.

அடுத்த வாரத்திலிருந்து அம்மா அழைத்துவந்தாள். சண்டை நடக்கும் வீட்டுப் பிள்ளைகள் பெரியவர்களின் முகம் பார்த்தே வளர்கிறார்கள். ஒரு புருவம் அசைந்தால் போதும், புரிந்துகொள்வார்கள். இவள் அதில் கெட்டிக்காரி. அப்பா பொம்மை பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றியபோது நான் ஜன்னலைப் பார்த்தேன். மறுபடி தூக்க வைத்தாள். மறுபடி ஜன்னலைப் பார்த்தேன். விட்டுவிட்டாள். பொம்மைகளை எடுத்துவைக்கும்போது பிள்ளை பொம்மை அலமாரிக்குள் விழுந்தது. நான் பேனாவை வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தேன். அவ்வளவுதான்.

மறுவாரம் அவளே அதை அலமாரிக்குள் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். தலையசைத்தேன். அம்மா பொம்மையை அலமாரிப் பக்கம் கொண்டுவந்தாள். நான் அசையவில்லை. அதை வைத்துவிட்டு அப்பாவை எடுத்தாள். தலையசைத்தேன்.

"அப்பா பூட்டிட்டாரு," என்றாள்.

என் அறையில் அவள் பேசிய முதல் பேச்சு. புன்னகைத்தேன். பேசாத குழந்தை பேசினால் யார்தான் புன்னகைக்கமாட்டார்கள். அதன்பின் இருட்டு வந்தது, பசி வந்தது, பெல்ட் வந்தது. எல்லாம் அவளாகச் சொன்னவை.

நீதிபதி பதிவுகளை முழுக்கப் பார்த்தார். குழந்தையின் வாயில் ஒரு சொல்லைக்கூட நான் திணிக்கவில்லை என்று பாராட்டினார். மகளைப் பார்க்கவே கூடாது என்று தகப்பனுக்கு உத்தரவாயிற்று. நீதிமன்ற வராந்தாவில் அந்தத் தகப்பன் என்னிடம் வந்தார்.

"மேடம், நான் ஏதாச்சும் தப்பா பேசியிருந்தா மன்னிச்சிடுங்க. அப்பா உன்னப் பூட்டினாரான்னு அவகிட்ட வாயத் திறந்து ஒரு தடவை கேளுங்க, போதும்."

அன்று அவர் வேடிக்கையாக எதுவும் பேசவில்லை. நான் மோவாயில் விரலை வைத்துக் கேட்டுக்கொண்டேன். பிறகு மெதுவாகத் தலையசைத்தேன்.

நீங்கள் ஒலியை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அவள் நிமிர்ந்து என்னைப் பார்ப்பதைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். சரி. செய்தேன், தெரிந்தேதான் செய்தேன். அந்த ஆளிடமிருந்து எதை எடுத்தால் வலிக்கும் என்று தெரிந்து எடுத்தேன். ஆனால் பொய் சொன்னதாக எழுதாதீர்கள். நான் எதுவுமே சொல்லவில்லை. குழந்தைக்கும் என்னால் கெடுதல் இல்லை. வாய் திறக்காதவள் இப்போது பேசுகிறாள்.

கடைசி நாளும் பேசினாள். அம்மா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். இவள் மட்டும் திரும்பி ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்தாள்.

"ஆன்ட்டி, உங்களுக்குப் பிடிச்சதெல்லாம் சொல்லிட்டேன்ல. அப்பாவ எப்ப வரச் சொல்வீங்க?"