சூடா, குளிர்ச்சியா?

— கண்ணைத் திறக்கக் கூடாதுங்கய்யா. இப்போ தோள்ல வைக்கிறது சூடா, குளிர்ச்சியா?

— குளிர்ச்சி. எட்டாவது தடவை கேக்கறீங்க டாக்டரம்மா. தோள்வலின்னு வந்தவனுக்குப் பரீட்சையா?

— நான் டாக்டர் இல்லை, பிசியோ. இன்னும் ரெண்டே கேள்வி. இது?

— சூடு. ஒரு கண்ணாடிக் குழாய்ல வெந்நீர், இன்னொரு குழாய்ல பச்சைத் தண்ணி. கைக்குழந்தைகூடக் கண்டுபிடிச்சிடும்.

— கண்டுபிடிக்க முடியாதவங்களும் வருவாங்க. சர்க்கரை முத்திப்போனா தோலுக்குச் சூடு தெரியாது. அவங்களுக்கு இந்த விளக்கை வச்சா வெந்துபோயிடும். இது?

— குளிர்ச்சி. பாஸா, ஃபெயிலா?

— பாஸ். விளக்கைப் போடறேன். தாங்கலைன்னா உடனே சொல்லணும்.

— எண்ணெய் இல்லை, ஒத்தடம் இல்லை, வெறும் சிவப்பு விளக்கு. இதுலயா என் கை மேல தூக்க வரும்?

— உலர்ந்த சூடு, சதையை இளக்கும். அதுக்கப்புறம் நான்தான் கையைத் தூக்கவைப்பேன். அப்போ என்னைத் திட்டுவீங்க.

— அது கிடக்கட்டும். நீங்க ஏன் உங்க கையையும் விளக்குக்குக் கீழ நீட்டறீங்க?

— அது... பழக்கம்.

— பழக்கமா? முழங்கைவரைக்கும் பழுப்பா, வலை பின்னின மாதிரி இருக்கே. கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க, எத்தனை வருஷமா?

— பதினோரு வருஷம். எவ்வளவு சூடுன்னு என் தோலும் எனக்குச் சொல்லணும். படுத்திருக்கிறவங்க சொல்றதை மட்டும் நம்பறதில்லை.

— வீட்ல ஒண்ணும் சொல்லலையா?

— சொல்லாம? "நீ என்ன சட்டையா, தினமும் இஸ்திரி போட்டுக்கறே"ன்னு கேக்கறார். இங்கயும் முதலாளி கூப்பிட்டுச் சொல்லிட்டார், இனிமே கையை நீட்டினா வேலைக்கு வராதேன்னு. நீட்டாம என்னால விளக்கைப் போட முடியாது. எழுதிக் கொடுத்துட்டேன். இந்த மாசத்தோட சரி.

— வேலையையே விடறீங்களா? அப்படி என்ன நடந்துபோச்சு?

— ஒரு அம்மா. பாதத்துல குடைச்சல்னு வந்தாங்க. சர்க்கரை உண்டு. இதே மாதிரி பத்துக் கேள்வி கேட்டேன், பத்தும் சரியாச் சொன்னாங்க. விளக்கைப் போட்டேன். நடுவுல நாலு தடவை விசாரிச்சேன். "இதமா இருக்கும்மா"ன்னாங்க. இருபது நிமிஷம் கழிச்சு விளக்கை நகத்தினா, பாதம் பூராக் கொப்புளம். சிரிச்சமுகமாத்தான் படுத்திருந்தாங்க.

— ம்.

— புண் ஆறவே இல்லை. முழங்காலுக்குக் கீழ எடுத்தாங்க. மூணே மாசத்துல போயிட்டாங்க. இன்னிக்கும் நான் ஸ்விட்சைப் போட்டா அந்தக் குரல் கேக்குது. "இதமா இருக்கும்மா." உங்களுக்குப் போட்டப்பவும் கேட்டுது.

— பத்தும் சரியாச் சொன்னாங்கன்னா, உங்க தப்பு என்ன?

— அதுதான் எனக்கும் பிடிபடல. மரத்துப்போன பாதம் எப்படிப் பத்தும் சரியாச் சொல்லும்? வாய் தவறி நானே பதிலைச் சொல்லிட்டேனா? கேள்வியே கேக்கலையா? விசாரணையில எல்லாம் ஒழுங்காப் பண்ணேன்னுதான் சொன்னேன். ஒருத்தரும் நம்பல. நாளாக நாளாக நானே நம்பல.

— கூட யாரும் வரலையா அவங்களுக்கு?

— வீட்டுக்காரர் வந்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம், அவங்க கையைப் பிடிச்சிட்டு நின்னார். நான் குனிஞ்சு பாதத்தையே பாத்திட்டிருந்தேன், முகம் மனசுல பதியல. அப்புறம் சண்டை போட வந்தது அவங்க பொண்ணு. அவர் வரவே இல்லை.

— எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு வருவார்?

— ஐயா... ஏன் அழறீங்க? சுடுதா? இருங்க, அணைச்சிடறேன்.

— வேண்டாம், எரியட்டும். இத்தனை வருஷம் கழிச்சு, நாலு இடம் விசாரிச்சுத்தான் உங்களைக் கண்டுபிடிச்சேன். அன்னிக்கு உங்ககிட்ட கூட்டிட்டு வர்றதுக்கு முன்னால ரெண்டு இடத்துல அவளைத் திருப்பி அனுப்பிட்டாங்கம்மா. காலுக்குச் சூடு தெரியல, விளக்கு வைக்கமாட்டோம்னு. சூடு பட்டாத்தான் குடைச்சல் போகும்னு அவ ஒரே பிடியா இருந்தா. அவ அழறதைப் பாக்க முடியல.

— நீங்க... அவரா?

— சூடுன்னா உள்ளங்கையில ஒரு அமுக்கு, குளிர்ச்சின்னா ரெண்டு. எந்தக் குழாய்ல ஆவி படிஞ்சிருக்குன்னு நான் பாத்துப்பேன். ரெண்டு நாள் வீட்ல உக்காந்து பழகினோம். நீங்க ஒழுங்காத்தான் கேட்டீங்கம்மா. பத்துக்கும் பதில் சொன்னது என் கை.