ஒரு பக்கம் மட்டும் மாத்தின வைப்பர்

சாயங்காலம் மணி ஆறரை. ரோட்டுல வேற வண்டியே கிடையாது. ரெண்டு பக்கமும் மரம், நடுவுல தார் ரோடு, மேல கொட்டுற மழை...

சிரிக்காதே ஒல்லி. பேய்க்கதைன்னா நடுராத்திரி தான் ஆரம்பிக்கணும்னு சட்டமா? மழை இருட்டு வேற இருட்டுடா. நகர்ந்து உட்காரு. அந்த லைட் எரியட்டும், அணைக்காதே.

வந்ததுலேர்ந்து ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கேன்னு கேட்டீங்கள்ல? நம்ம குண்டன் இன்னிக்கு வரல. அவன் இருந்தா இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன். அவனோட சொந்த அக்கா வீட்டுல நடந்தது இது. அவனுக்கு அக்கா மாமான்னா எனக்கும் அக்கா மாமா தானே... அந்த வீட்டுல நான் சாப்பிடாத நாள் கம்மி.

மாமா காருக்கு வைப்பர் ரெண்டும் போயிடுச்சு. ரப்பர் வெடிச்சு, நூல் நூலா தொங்குது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனாரு. அக்காவும் கூட. மாமாவைத் தெரியும்ல? ஒரு பேனா வாங்க அரை மணி நேரம் எடுத்துக்கிறவரு. கம்பிச் சட்டம் வச்சது ஒண்ணு, சட்டமே இல்லாம தட்டையா இருக்கிறது ஒண்ணு, ஒவ்வொண்ணா எடுத்து ரப்பரை நகத்தால தடவி, வளைச்சு, மோந்து கூடப் பார்த்தாராம். பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி. கடைசியில தன் பக்கத்துக்கு நீளமா, தட்டையா, நல்லதா ஒண்ணு எடுத்தாரு.

அக்கா பக்கத்துக்கு குட்டை சைஸ் வேணும். அதைக் கடைக்காரர் எடுத்து நீட்டினாரு.

"அது வேண்டாம்"னு சொல்லிட்டாரு மாமா.

"ஜோடியா மாத்துங்க சார். ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியாது."

"ஓட்டுறது நான் தானே? நான் பார்த்தா போதாதா?"

அக்கா கடையிலேயே கேட்டாங்களாம், "அப்ப நான் எதையும் பார்க்க வேண்டாமா?"ன்னு. மாமா சிரிச்சாரு. அவரு எப்பவும் அப்படித்தான். அக்கா சொல்றது இந்தக் காதுல போயி அந்தக் காதுல வந்துடும். அது எனக்கு எப்பவுமே பிடிக்காது.

அந்த வாரமே ஒரு சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வர்றாங்க. அவங்க பொண்ணு, பாப்பா, பின் சீட்டுல தூங்குறா. நல்ல மழை. மாமா பக்கம் புது வைப்பர், சத்தமே இல்ல, கண்ணாடி பளிச்சுன்னு இருக்கு. அக்கா பக்கம்... கிர்ர்ர்... டக். கிர்ர்ர்... டக். ரப்பர் பூரா கிழிஞ்சு, ஒரே ஒரு இடத்துல தான் கண்ணாடியில படுது. ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு கோடு மட்டும் துடைக்குது. மத்ததெல்லாம் தண்ணி.

அந்தக் கோட்டு வழியா தான் அக்கா பார்த்தாங்க.

"ஏங்க... முன்னாடி யாரோ நிக்கிறாங்க."

"எங்க? ரோடு காலியா கிடக்கு."

கிர்ர்ர்... டக்.

"ஒரு பொம்பளைங்க. நனைஞ்சுக்கிட்டு நிக்கிறா. ரோட்டு நடுவுல."

"உன் பக்கம் கண்ணாடி அழுக்கு. பேசாம வா."

கிர்ர்ர்...

"ஐயோ, ஏத்திடாதீங்க!"

மாமா பிரேக்கை மிதிச்சாரு. வண்டி வழுக்கிப் போய் நின்னுச்சு. இடிச்ச சத்தம் இல்ல... ஒண்ணும் இல்ல. ஹெட்லைட் வெளிச்சத்துல மழை விழுறது தான் தெரியுது. ரோடு காலி. மாமாவுக்குக் கோபம் வந்துடுச்சு. "எங்கடி? காட்டு"ன்னு அக்கா பக்கம் சாஞ்சு, அக்கா தோள்ல தலையை வச்சு, அந்தக் கோட்டு வழியா பார்த்தாரு.

பானெட் மேல ரெண்டு கையையும் ஊனிக்கிட்டு நிக்கிறா. தலை குனிஞ்சிருக்கு. முடியிலேர்ந்து தண்ணி சொட்டுது.

சட்டுன்னு தலையை இழுத்துத் தன் பக்கம் பார்த்தாரு. யாரும் இல்ல. ரோடு, மழை, அவ்வளவு தான். திரும்ப சாஞ்சு பார்த்தாரு... இப்ப அவ முன்னாடி இல்ல. பானெட்டைத் தடவிக்கிட்டே சுத்தி வர்றா. அக்கா கதவு பக்கமா.

டக். யாரோ வெளியிலேர்ந்து கதவு கைப்பிடியை இழுக்கிற சத்தம். டக்... டக். அப்புறம் ஒரு வாடை. காயாத ஈரத்துணியை ஒரு வாரம் மூட்டை கட்டி வச்ச மாதிரி. மூடின கண்ணாடிக்கு உள்ள எப்படி வந்துச்சுன்னு தெரியல. பாப்பா தூக்கத்துலேயே முகத்தைச் சுளிச்சாளாம். மாமா எப்படி கியர் போட்டாரு, எப்படி வீடு வந்து சேர்ந்தாரு... அவருக்கே ஞாபகம் இல்ல.

மறுநாள் கடை திறக்கிறதுக்கு முன்னாடியே போய் நின்னுட்டாரு. குட்டை வைப்பரும் வாங்கி மாட்டியாச்சு. அக்கா அந்தப் பழசைக் கையில எடுத்துக்கிட்டாங்க.

"அதைத் தூக்கிப் போடு, சனியனை."

"தூக்கிப் போட்டுட்டா அவ எங்க நிக்கிறான்னு எப்படித் தெரியும்?"

இது தான்டா என்னை உலுக்கின வார்த்தை. அக்காவுக்குத் தன் உயிரைப் பத்திக் கவலையே இல்ல. பாப்பா கட்டில் ஜன்னல் ஓரமா கிடக்கு. அந்த பயம் ஒண்ணு தான்.

அன்னியிலேர்ந்து தினமும் ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு ஜன்னல் கண்ணாடியிலயும் ஒரு டம்ளர் தண்ணியை ஊத்தி, அந்தக் கிழிஞ்ச வைப்பரால ஒரு இழுப்பு. கிர்ர்ர்... அந்தக் கோட்டு வழியா பார்ப்பாங்க. மொதல்ல தெருமுனையில நின்னாளாம். அப்புறம் எதிர் வீட்டு விளக்குக் கம்பத்துக்குக் கீழ. அப்புறம் அக்கா வீட்டு கேட்டுக்கு வெளியில. அப்புறம்... வாசல்ல செருப்பு விடுற இடத்துல. பாப்பா கட்டிலை இழுத்துத் தன் கட்டிலோட ஒட்டிப் போட்டுக்கிட்டாங்க அக்கா. மாமா ஒரு நாளும் அந்தக் கோட்டுல பார்க்கல. "இன்னிக்கு எங்க?"ன்னு மட்டும் கேட்பாரு. மனுஷன் பாதியா இளைச்சுட்டாரு.

போன வாரம் ஒரு ராத்திரி. அக்கா டம்ளரும் எடுக்கல, வைப்பரும் எடுக்கல. பாப்பாவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் படுத்துட்டாங்க. மாமாவுக்கு அப்பாடான்னு இருந்துச்சு.

"என்ன... போயிட்டாளா?"

"இனிமே ஜன்னலைத் துடைக்க வேண்டாங்க. அவ வெளியில இல்ல."

"அப்ப எங்க?"

அக்கா மெதுவா, "நான் பார்த்தா போதாதா?"ன்னாங்க.

இதெல்லாம் அக்காவே போன்ல சொன்னது. நானும் உங்களை மாதிரி தான், பாதி நம்பினேன், பாதி நம்பல. இன்னிக்கு இங்க கிளம்பி வர்றப்ப மழை. பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன். மாமா கார் வந்து நின்னுச்சு. "ஏறு மாப்ளே, இறக்கி விடுறேன்"னாரு. முன் சீட்டு காலியா தான் இருந்துச்சு. பை கூட இல்ல. கதவுல கை வச்சேன்...

"தம்பி, பின்னாடி வா."

அக்கா பின் சீட்டுல இருந்தாங்க. பாப்பா மடியில. நானும் இடிச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். உள்ள அந்த வாடை. ஈரத்துணி. முன்னாடி புது வைப்பர் ரெண்டும் சத்தமே இல்லாம ஓடுது. பாப்பா மட்டும் அந்த முன் சீட்டையே பார்த்துக்கிட்டு இருக்கா.

வண்டி நகர்ந்துச்சு. உடனே... டிங். டிங். டிங்.

முன் சீட்டுல ஆள் உட்கார்ந்து பெல்ட் போடலைன்னா கத்துமே, அந்தச் சத்தம். ஆள் உட்கார்ந்தா மட்டும் தான் அது கத்தும்.

மாமா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கல. கையை மட்டும் நீட்டி, பெல்ட்டை நல்லா இழுத்து, வளைச்சுக் கொண்டு வந்து மாட்டினாரு. சத்தம் நின்னுடுச்சு.

பெல்ட் மட்டும்... சீட்டுல படியவே இல்ல.